வாயைத் திறந்தால் திறக்கும் கூரை

மதிப்பிற்கும் மரியாதைக்கும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை பொறுமைக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வாலு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அம்மா நலம், தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது, காரணம் நான். அப்பாவும் நலம்தான், என்னோடு பேசுவதில்லை, காரணம் கீழே வரும். அங்கே நீங்களும் அத்தையும் குட்டிப் பயலும் சுகமாக இருப்பீர்கள். போன வாரம் நீங்கள் போனில் கத்திய வேகத்தைப் பார்த்தால் உங்கள் நுரையீரலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

"தானா தொறந்து தானா மூடுற கூரை போட்டாதான் எங்க காலேஜ் தொலைநோக்கி உங்கிட்ட இருக்கும்னு சொன்னேன்ல? அது இஷ்டத்துக்குத் தொறந்து மூடுதாமே! வெள்ளிக்கிழமை காலேஜ் வண்டி வரும், கட்டி வை" என்றீர்கள். கட்டவில்லை. கட்டுவதற்கு முன்னால் என் பக்கத்தையும் கேட்டுவிடுங்கள். அம்மா உங்களிடம் சொன்னது உண்மைதான், ஆனால் அம்மா அதைச் சொன்ன குரலில் சொன்னால் வாய்ப்பாடுகூடக் கொலைக்குற்றம் மாதிரி இருக்கும்.

முதலில் தொலைநோக்கியை நிறுத்தும் தூண். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கீழே சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து, நீங்கள் வரைந்து கொடுத்த அளவுப்படி கொத்தனார் கட்டினார். "யாரு சிலை பாப்பா வைக்கப் போறீங்க?" என்றார். "என் சிலைதான்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்போ தூணு இன்னும் கொஞ்சம் குட்டையா இருக்கலாமே" என்றார். அடுத்து வந்தவர் தச்சர். நாம் நடக்கும் பலகைத் தளம் தூணைத் தொடவே கூடாது, தொட்டால் நான் கால் மாற்றி நின்றாலே மேலே நட்சத்திரம் ஆடும், அதனால் சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும் என்று படம் போட்டே காட்டினேன். தலையாட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் இடைவெளி முழுவதையும் அழகாக மரச்சட்டம் வைத்து, பிசின் பூசி, இழைத்து, மெருகும் ஏற்றியிருந்தார். "சந்து விட்டுட்டுப் போனா எம் பேரு என்னாவுறது? பாக்கிறவன் என்ன சொல்வான்?" என்றார். அந்தச் சட்டத்தை நான் உளியால் பெயர்த்த நாளிலிருந்து அவர் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

கூரைக்கு ஆள் கிடைக்கவில்லை. தண்டவாளத்தில் நகரும் கூரை என்றாலே எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் இரும்பு கேட் செய்கிற வெல்டர் அண்ணன்தான், "கேட்டப் படுக்கப் போட்டா கூரை பாப்பா, இதுக்கு ஏன் இவ்ளோ பேசுற?" என்று ஒரே வாக்கியத்தில் விஞ்ஞானத்தை முடித்துவிட்டார். நகரும் கேட்டுக்கு வைக்கிற மோட்டாரையே வைத்தார். கூரை கடகடவென்று நகரும், மேலே மஞ்சள் விளக்கு சுழலும், பீப் பீப் என்று கத்தும். எல்லாம் முடிந்தபின் பழக்கதோஷத்தில் 'கேட் முன் வாகனங்களை நிறுத்தாதீர்' என்ற பலகையையும் அடித்துவிட்டார். "மாடில யாரு அண்ணா வண்டிய நிறுத்தப் போறாங்க?" என்று கேட்டேன். "நீதான வேற கிரகத்துக்காரங்களப் பத்திப் பேசின? வர்றவன் குறுக்கால நிறுத்திட்டான்னா?" என்றார். பலகை இன்னும் இருக்கிறது. இதுவரை எவனும் நிறுத்தவில்லை.

பிறகு துருவ நட்சத்திரத்தைத் துருவித் துருவித் தேடித் தொலைநோக்கியின் அச்சை அதற்கு நேராக வைக்க நான்கு மாலைகள் ஆயின. அந்தக் கஷ்டத்தை விடுங்கள். அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். இருட்டியதும் கூரை தானாகத் திறந்து, தொலைநோக்கி தானாகத் திரும்பி, நீங்கள் சொன்ன அந்த மங்கி மங்கி மீளும் நட்சத்திரத்தைப் படமெடுத்து, விடிவதற்குள் தானாக மூடிக்கொள்ளும். நான் நன்றாகத் தூங்குவேன். காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்பே (பல் டாக்டர் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்) கணினியில் அன்றைய வெளிச்சத்தை அளந்து வரைபடத்தாளில் ஒரு புள்ளி வைப்பேன். பதினோரு காலை, பதினோரு புள்ளி. ஒன்பது புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்றாவதும் ஒன்பதாவதும் மட்டும் கீழே விழுந்திருந்தன. அளந்ததில் தப்போ என்று நான்கு முறை திரும்ப அளந்தேன். தப்பில்லை மாமா. அது நிஜமாகவே மங்கியிருக்கிறது, அதை நான் பிடித்திருக்கிறேன். இன்னும் ஒரு முறை மங்குவதைப் பிடித்தால் எத்தனை நாளுக்கொரு முறை என்று நானே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவேன். அதற்குக் குறைந்தது ஒரு வாரம் வேண்டும். வண்டி வெள்ளிக்கிழமை வருகிறது.

இனி நீங்கள் கோபப்பட்ட விஷயம். கூரையை ஓட்டுகிற குட்டிக் கணினியை மாடியில் வைத்தால் வெயிலில் வெந்துவிடும். வீட்டில் ஏசியும் இணையமும் சேர்ந்து இருக்கிற ஒரே அறை, கீழே இருக்கும் அம்மாவின் கிளினிக். அங்கே பஞ்சு டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சொன்னால் கேட்கிற கூரையாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டு ஒரு மைக்கை மாட்டி, 'திற' என்றால் திறக்கவும் 'மூடு' என்றால் மூடவும் பழக்கினேன். எப்படிச் சொன்னாலும் புரிய வேண்டுமென்று தொற, தொறங்க, மூடுங்க எல்லாவற்றையும் சேர்த்தேன். ஒரு பல் டாக்டர் ஒரு நாளில் எதையெல்லாம் எத்தனை முறை திறக்கச் சொல்வார் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் மாட்டியவர் அடுத்த தெருத் தையல்காரர். நூலைப் பல்லால் கடித்துக் கடித்து முன்பல்லில் ஒரு காடியே விழுந்திருந்தது. எனக்கு விடுமுறை ஆனதால் வெளியே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா, "வாயத் தொறங்க" என்றார். மேலே கடகடகட, பீப் பீப்.

"டாக்டரம்மா, இந்தச் சத்தம் என் பல்லுலேருந்தா வருது?"

"இல்லைங்க, ஏதோ லாரி போகுது. நல்லாத் தொறங்க."

"மாடி மேலயா லாரி போகுது?"

"கொஞ்சம் வாய மூடுங்களேன்!"

கடகடகட.

"இந்தா, திரும்பி வருது பாருங்க" என்றார் தையல்காரர்.

அன்றிலிருந்து நான்கு நாள் இதே கச்சேரி. வாய் திறந்தால் கூரை திறக்கும், வாய் மூடினால் கூரை மூடும். ஒரு தாத்தா வாயைத் திறக்கவே மாட்டேன், வீடு இடிந்துவிடும் என்று அடம் பிடித்தார். கொப்பளிக்கச் சொன்னால் மழை வருமா என்று ஒரு பையன் கேட்டான். அம்மா வாயைத் 'திற' என்று சொல்லப் பயந்து 'ஆ காட்டுங்க' என்று மாறினார், பழக்கம் விடாமல் கடைசியில் 'மூடுங்க' என்று சொல்லிவிட்டுத் தன் வாயையே பொத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் அவர் பல்நோக்கி, நான் தொலைநோக்கி, ஆகமொத்தம் இது பல்நோக்கு வீடு என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. தொலைநோக்கியில் இப்போது அவருக்குப் பிடித்தது முதல் இரண்டு எழுத்து மட்டும்தான்.

ஐந்தாம் நாள் வேர் சிகிச்சைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். முக்கால் மணி நேரம் திறந்த வாய் மூடவில்லை, அதனால் கூரையும் மூடவில்லை. சாயங்கால வெயில். தொலைநோக்கியின் பெரிய குழாய்க்கு மூடி போட்டிருந்தேன், சத்தியம். அதன் முதுகில் குறி பார்க்க இருக்கும் சின்னக் குழாய்க்குத்தான் மறந்துவிட்டேன். மேற்கே தலை தூக்கிப் படுத்திருந்த அதன் வழியாக வெயில் புகுந்து, பின்னால் ஆணியில் தொங்கிய அப்பாவின் மழைச்சட்டையில் குவிந்தது. புகை வந்தது. உங்கள் தொலைநோக்கிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மழைச்சட்டையில் சரியாக முதுகுப் பக்கம் வட்டமாக ஒரு பொத்தல். "உங்க மழைச்சட்டை சூரியனையே பாத்துடுச்சே அப்பா" என்றேன். அன்றைக்கு நிறுத்திய பேச்சை அவர் இன்னும் தொடங்கவில்லை. அம்மா உங்களுக்குப் போன் போட்டது அன்று இரவுதான்.

ஆக, மாமா, இதில் யார் தப்பு? தமிழின் தப்பு. வாய்க்கும் கதவுக்கும் கூரைக்கும் புத்தகத்துக்கும் ஒரே திற, ஒரே மூடு. பாவம், கணினி என்ன செய்யும்? இப்போது 'விரிக', 'குவிக' என்று மாற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் இப்படி யாரும் பேசமாட்டார்கள். வாயை விரிக என்று சொன்னால் நோயாளி ஓடிவிடுவார். எனவே இனி எந்தக் கோளாறும் வராது என்று உறுதி கூறி, ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் மட்டும் வண்டியைத் தள்ளிப்போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு. குட்டிப் பயலுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், பல் முளைத்திருந்தால் தூரத்திலிருந்தே முத்தம். உங்கள் ஆயுளும் பொறுமையும் நீளட்டும், குறிப்பாகப் பொறுமை.

இப்படிக்கு,
உங்கள் வாலு

பி.கு.: உறையில் போட்டுவிட்டு மறுபடி எடுத்தேன். நீங்கள் மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "இப்படி ஒரு மெஷினை நம்பி எப்படி விடுறது?" என்றுதான் கேட்பீர்கள், வண்டியும் வரும். அதனால் எழுதுகிறேன். தையல்காரர் விஷயம் மட்டும் நிஜம். அன்று மாலையே நான் மைக்கைக் கழற்றிவிட்டேன். கேட் மோட்டாரோடு சாவிக்கொத்து அளவில் ஒரு ரிமோட் கொடுப்பார்கள். அதை மேலே எழுத மறந்துவிட்டேன். மறக்கவில்லை, எழுதவில்லை. அம்மா 'தொறங்க' என்றால் டோக்கன் மேசைக்கு அடியில் ரிமோட்டில் ஒரு தட்டு, 'மூடுங்க' என்றால் இன்னொரு தட்டு. தாத்தாவும் பையனும் எல்லோரும் என் கைவேலை. பஸ் டிரைவர் வந்த அன்று கூரையைத் திறந்துவிட்டு, ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனேன், கடையில் கூட்டம். 'விரிக', 'குவிக' எல்லாம் இந்தக் கடிதத்துக்காக யோசித்தது. இன்னொன்றையும் வேண்டுமென்றேதான் விட்டேன், எழுதினால் 'மெஷின் சரின்னா, அப்புறம் யாரு?' என்று கேட்பீர்களே: செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் நல்ல மழை. நாங்கள் மூன்று பேரும் தூக்கம், ரிமோட் என் தலையணைக்கு அடியில். காலையில் மாடிக்கு ஓடினால் மாடியெல்லாம் தண்ணீர், நான் பொருத்திய மழை உணரி சொன்னதைக் கேட்டுக் கூரை முதல் தூறலிலேயே தானாக மூடியிருந்தது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. மெஷினை நம்பலாம் மாமா, என்னைத்தான் நம்பக்கூடாது. இதை நீங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டாமல் இருக்கமாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே வெள்ளிக்கிழமை அந்த வண்டி வரட்டும். தொலைநோக்கியை விட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.