பதுளையில் ஒரு பவளத் தோட்டம்

கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஒரு சாமானைப் பார்த்து, "இதுக்கு இவ்வளவு காசா? நானே செஞ்சிருவேன்" என்று சொல்லும் ஆண்களை, அந்த எண்ணம் தணியும்வரை ஓர் அறையில் பூட்டி வைக்கச் சட்டம் வேண்டும். அப்படியொரு சட்டம் சில வருடங்களுக்கு முன்பே இருந்திருந்தால் என் மைத்துனனின் பவளங்கள் பிழைத்திருக்கும்.

மைத்துனன் செல்வம், என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. கொழும்பில் வாடகை வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீரில் உயிருள்ள பவளம் வளர்த்தவன். (மோதிரத்தில் பதிக்கிற பவளம் அல்ல, கல்லில் ஒட்டிக்கொண்டு வாழும் பிராணி. இதைப் பதுளை முழுக்க விளக்கிவிட்டேன். உங்களுக்கும் ஒரு தடவை.) கட்டாரில் வேலை கிடைத்ததும் தொட்டியை லொறியில் ஏற்றிவந்து எங்கள் வீட்டில் இறக்கினான். மலைப்பாதை வளைவுகளில் அதன் விளக்கு மட்டும் உடைந்துவிட்டது.

"மச்சான், கொழும்புல ரெடிமேட் லைட் இருக்கு. வாங்கி மாட்டிருங்க. நீங்களா ஒன்னும் செய்யாதீங்க. நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவுல வருவேன், எல்லாம் உசுரோட இருக்கணும்."

நீங்களா ஒன்னும் செய்யாதீங்க! ஓர் ஆங்கில ஆசிரியனிடம், அதுவும் அவன் மனைவியை வைத்துக்கொண்டு, சொல்கிற பேச்சா இது? கொழும்புக்குப் போன் செய்து விலை கேட்டேன். சூரியனையே தவணை முறையில் விற்கிறார்கள் போலிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இணையத்தை மேய்ந்து, பல்பு, அலுமினியத் தகடு, காற்றாடி என்று சகலமும் கற்றேன். பவளத்துக்கான விளக்கை 'ரீஃப் லைட்' என்பார்கள். பசறை பஸ்ஸில் நின்றபடியே, பண்டாரவளையில் பல்பு விற்கும் ரியாஸுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, ரீஃப் லைட் செய்யணும். பல்பு இருக்கா?"

நான் சொல்லச்சொல்லவே பஸ் ஒரு வளைவில் ஹோர்ன் அடித்தது.

"தாராளமா இரிக்கு சேர். நெறயப் பேர் வாங்குறாங்க."

"நம்ம பக்கத்துலயா?"

"வெலிமடையில முழுக்க அதானே சேர். நீங்க மண்ணுலயா வெச்சிரிக்கீங்க?"

"சேச்சே! மண்ணே கிடையாது. தண்ணிக்குள்ள, கல்லுல."

"அடடே, புது மொற! வெட்டி வெச்ச துண்டுகளா?"

"ஆமா, சின்னத் துண்டுகதான்."

"அப்ப கவலய விடுங்க. நான் தார பல்புல பச்சப் பசேல்னு வந்திரும்."

பச்சைப் பவளம் உண்டென்று படித்திருந்தேன். ஆகவே மகிழ்ந்தேன். (படித்தவன் ஏமாறும்போது அடிக்குறிப்போடு ஏமாறுகிறான்.)

ஸ்டெல்லாவின் கேக் தட்டில் பல்புகளை ஒட்டி, சுவிட்சைப் போட்டேன். வீடு முழுக்க ரோஸ் வெளிச்சம்.

"என்னங்க இது, சலூன் மாதிரி இருக்கு?"

"ஸ்பெக்ட்ரம்டி."

"என்ன ட்ரமோ. மாதா படமே வெக்கப்பட்டுச் செவந்து போச்சு."

கண்ணாடியில் முதலில் பச்சையாக ஒரு படலம் வந்தது. "வளர்ச்சி" என்றேன். பிறகு கற்களில் பச்சை முடி முளைத்தது. "பழகிக்கிட்டிருக்கு" என்றேன். மார்கழி பிறந்தபோது பவளம் எதுவும் கண்ணில் படவில்லை. தொட்டி நிறையப் பாசி. கொதித்துப்போய் ரியாஸை அழைத்தேன்.

"என்ன பல்பு கொடுத்தீங்க தம்பி?"

"நீங்க கேட்ட லீஃப் லைட்தான் சேர். நாத்து மேடைக்குப் போடுறது, எல வளர்ற லைட். ஏன், வரல்லயா?"

வந்திருந்தது. அதுதானே பிரச்சினை! நான் சொன்னது ரீஃப். 'ர'வுக்கும் 'ல'வுக்கும் நாக்கை எங்கே வைப்பது என்று ஊவா மாகாணத்துப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பவன் நான். இந்தத் தேயிலை மாகாணத்தில் எவன் எதைச் சொன்னாலும் காதில் இலையாகத்தான் விழுமா?

நத்தாருக்கு வந்த செல்வம், பையைக்கூட இறக்காமல் தொட்டியின் முன்னால் போய் நின்றான். சட்டைக் கையை மடித்துவிட்டு, பாசிக்குள் துழாவி, வெள்ளெலும்பாகிப்போன ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"நான் மொதமொதல்ல வளத்தது இதுதான் மச்சான்."

மாட்டிக்கொண்ட இடத்தில் ஆசிரியன் பாடம் எடுப்பான், எடுத்தேன். ரீஃப், லீஃப், பஸ், ஹோர்ன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"லீஃபா?" என்றான். தொட்டியை ஒரு தடவை பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். அந்தத் தண்ணீர் அத்தனையும் சிரிப்பில் வந்ததல்ல என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, கொழுந்து முத்திப்போச்சு! நாளைக்குப் பெரட்டுல மச்சான் பேரைக் கூப்பிடு, ஆள் வேலைக்கு எறங்கட்டும்!"

(பெரட்டு என்பது தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது.) மறுநாள் காலை வேலைக்கு இறங்கியது நான்தான். இரண்டு கையாலும் பாசி பறித்தேன். ஸ்டெல்லா கங்காணியாக நின்று, "அந்த மூலைய விட்டுட்டீங்க" என்று அதட்டினாள். அடியில் இரண்டு துண்டுகள் உயிரோடு கிடைத்தன. செல்வமே ரெடிமேட் லைட் வாங்கி மாட்டினான். அவை இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன. அவை மட்டும்தான் இந்த வீட்டில் என்னைக் கேலி செய்வதில்லை.

மற்றவர்கள் விடுவதாக இல்லை. கட்டாரிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை கிலோ மச்சான்?" போன நத்தாருக்கு அவன் எனக்குத் தந்த பரிசு, நெற்றிக் கயிறு கட்டிய அசல் கொழுந்துக் கூடை. குடும்பமே கைதட்டியது. அநியாயம் அதுகூட இல்லை. அந்தக் கயிறு என் தலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. (கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டுப் பார்த்தேன்.)