வெற்றிலையில் தெரிந்த தகப்பன்

வெள்ளிக்கிழமை காலையில் இரணியல் பக்கம் போனால் ஒரு விசேஷத்தைப் பார்க்கலாம். ரயில் நிலையத்தில் நிற்கும் கூட்டத்தைவிட, அதற்குப் பின்னால் மஞ்சள் பெயிண்ட் அடித்த வீட்டில் கூட்டம் அதிகம். ஜோடி ஜோடியாக வருகிறார்கள். கூடவே மாமியார்கள். ஆளுக்கொரு வெற்றிலை, ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் ஓர் எண் மட்டும் இருக்கும்.

அந்த எண்ணுக்குள் ஒரு மனிதன் ஒளிந்திருக்கிறான். அவனைத்தான் குமாரதாஸ் சுவாமி மை போட்டுக் கண்டுபிடிக்கிறார்.

விஷயம் இதுதான். கணவனிடம் விந்தணு இல்லையென்றால், இன்னொருவர் கொடுத்ததை வைத்துக் குழந்தை பெற வழி உண்டு. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் நாலைந்து எண்களைக் காட்டுவார். ரத்த வகை, உயரம், நிறம், படிப்பு எல்லாம் எழுதியிருக்கும். நோய் நொடி இல்லை என்று சோதித்தும் வைத்திருப்பார்கள். கொடுத்தவர் யார், எந்தக் குடும்பம் என்று கேட்டால் மட்டும் டாக்டர் கையை விரித்துவிடுவார். சொல்லக்கூடாது, சட்டம்.

சட்டம் சாத்திய கதவை நம் சுவாமியின் வெற்றிலை திறந்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு முன்புவரை இதே குமாரதாஸ் விசா ஏஜெண்ட். இல்லாத கம்பெனிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது தெரியாத தகப்பனுக்கு ஊர் பேர் சொல்கிறார். முன்னேற்றம்தான். பழைய பழக்கம் ஒன்றை மட்டும் விடவில்லை. எதையும் லெட்டர்பேடில் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுப்பார். அதற்கு வம்சப் பத்திரம் என்று பெயர்.

வாசலில் அவர் மனைவி ஷைஜா ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களின் பெயர், ஊர், குலதெய்வம் அல்லது சபை, சாப்பாட்டுப் பழக்கம் எல்லாம் அதில் எழுதியாக வேண்டும். நோட்டு உள்ளே போகும். சுவாமி வெற்றிலையில் மை தடவி, விளக்கில் காட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நம்ம ஆளுதான்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இவ்வளவு கூட்டம். சில எண்களுக்கு "தோஷம் உண்டு, வேற கொண்டு வாங்க" என்பார். எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே பாஸ் போட்டுவிட்டால் கடை எப்படி ஓடும்?

அஸ்வதிக்கு வயது முப்பத்தெட்டு. பால் சொசைட்டியில் பால் சோதிக்கும் வேலை. கணவன் வினோஜ் மஸ்கட்டிலிருந்து ஒன்றரை மாத லீவில் வந்திருந்தான். இனியும் தள்ளிப்போடாதீர்கள், வயது காத்திருக்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமியார் நாகம்மையோ இருவரையும் சுவாமியிடம் இழுத்துக்கொண்டு போனாள். முதல் எண்ணுக்குத் தோஷம். இரண்டாவது எண் திருட்டுப் பரம்பரையாம். நாலு வாரம் போயே போய்விட்டது. வினோஜ் விமானம் ஏற இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

"மாமி, ஆஸ்பத்திரியில எல்லாம் டெஸ்ட் பண்ணித்தானே வச்சிருக்காவ."

"டெஸ்டுல ரெத்தம் தெரியும் மக்கா. குடும்பம் தெரியுமா? நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"யாரு கேப்பா? யாருகிட்ட சொல்லப் போறோம்?"

"எனக்குத் தெரியாண்டாமா?"

வினோஜ் குறுக்கே பேசவில்லை. குறை தன்னிடம்தான் என்று ரிசல்ட் வந்த நாளிலிருந்து அவன் வீட்டில் குரலை உயர்த்துவதில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அஸ்வதிக்கு ஆத்திரம் பொங்கியது. அவளுக்குப் பிள்ளை வேண்டும். மிச்சமிருக்கும் நாளையெல்லாம் ஒரு வெற்றிலைக்காரன் தின்றுகொண்டிருக்கிறான்.

மறுநாள் சொசைட்டியில் ஒருவர் சண்டைக்கு வந்தார். "மெஷினு பொய் சொல்லுகு. என் பால்ல ஒரு சொட்டு தண்ணி கிடையாது."

அஸ்வதி வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். அவருடைய பாலையே இரண்டு குப்பிகளில் ஊற்றி, வேறு வேறு பேர் ஒட்டி, இரண்டு தடவை மெஷினில் வைத்தாள். இரண்டுக்கும் ஒரே அளவு காட்டியது. மெஷின் சரிதான், பாலில்தான் தண்ணீர். அவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அஸ்வதி குப்பியைக் கழுவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஜெப்சிக்குப் போன் போட்டாள்.

ஜெப்சியும் அவள் கணவன் சிஜினும் அதே ஆஸ்பத்திரியில் பழக்கமானவர்கள். அவர்களும் பாஸ்டருக்குத் தெரியாமல் இதே சுவாமியிடம் அலைகிறவர்கள்தான். மூடநம்பிக்கையில் மத ஒற்றுமைக்கு நம் ஊரில் குறையே கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு ஜோடியும் போனார்கள். இரண்டு சீட்டிலும் ஒரே எண்ணைத்தான் அஸ்வதி எழுதியிருந்தாள். ஜே 4071.

முதலில் அஸ்வதி வீட்டார் உள்ளே போனார்கள். சுவாமி வெற்றிலைக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"பெரிய குடும்பம். கோயில்ல முதல் மரியாதை உள்ள வீடு. பையன் என்ஜினியர். சுத்த சைவம். நம்ம ஆளுதான்."

நாகம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. வம்சப் பத்திரத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்தது ஜெப்சி. வெற்றிலை வேறு, மை அதே மை.

"மிஷன் காலத்துக் குடும்பம். தாத்தா உபதேசியார். பையன் டாக்டர், கொயர்ல நல்லா பாடுகான். மீனு இல்லாம சோறு இறங்காது. நம்ம ஆளுதான்."

ஜெப்சி வெளியே வந்ததும் அஸ்வதி இரண்டு பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். வாசித்து முடித்ததும் இரண்டின் தலைப்பிலும் இருந்த எண்ணைக் காட்டினாள்.

"ஒரே எண்ணுதான். சைவ என்ஜினியர் எப்பம் மீன் தின்னுக டாக்டர் ஆனாரு?"

கூட்டம் சலசலத்தது. சத்தம் கேட்டு சுவாமி வெளியே வந்தார். விசா ஏஜெண்டாக இருந்தவரிடம் பதிலுக்கா பஞ்சம்?

"அப்பன் இந்து, அம்மை கிறிஸ்தியானி. கலப்புக் கல்யாணம். ரெண்டு படிப்பும் படிச்சவன். வெத்திலையில ரெண்டு பக்கமும் தெரியுகு."

கூட்டம் தலையாட்டியது. ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நம்புவதற்கென்றே புறப்பட்டு வந்த ஜனத்தை அவ்வளவு லேசில் ஏமாறுவதிலிருந்து காப்பாற்றிவிட முடியுமா?

அஸ்வதி பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மாமியாரிடம் நீட்டினாள். மூலையில் சாணிக் கறை. நாகம்மை பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"இது நம்ம செவலையோட அட்டையில்லா? மாட்டாஸ்பத்திரியில தந்தது."

"ஆமா மாமி. போன மாசம் சினை ஊசி போட்டோம்லா. காளைக்க நம்பர் என்னான்னு வாசிங்க."

நாகம்மை கண்ணாடியை மாட்டினாள். அட்டையைப் பார்த்தாள். வம்சப் பத்திரத்தைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலைநிமிர்ந்து கேட்டாள்.

"சாமி, இது எங்க பசுவுக்கு ஊசி போட்ட காளையாக்கும். அது எந்தக் கொயர்ல பாடுகு?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. சுவாமி முன்ஜென்மம் என்று ஏதோ ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. யாரோ ஷைஜாவின் நோட்டைப் பிடுங்கி விரித்தார்கள். அவரவர் எழுதிக் கொடுத்ததுதான் அவரவர் பத்திரத்தில் ஸ்டாம்போடு திரும்பி வந்திருந்தது. சுவாமியைப் பற்றி ஒரு நியாயம் சொல்ல வேண்டும். சுத்த சைவம் என்றாரே, அது ஒன்று மட்டும் சரி.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அஸ்வதி கேட்டாள்.

"செவலைக்கு ஊசி போடும்ப டாக்டருகிட்ட என்ன கேட்டிய மாமி?"

"நோயில்லாத காளையான்னு கேட்டேன்."

"வேற?"

"வேற என்னத்தக் கேக்க? நம்ம தொழுவத்துல பெறந்தா நம்ம கன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது நாகம்மைக்கே உறைத்தது. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த வினோஜ் திரும்பிப் பார்த்தான். ரிசல்ட் வந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் குரல் நிமிர்ந்தது.

"அம்மா, பிள்ளைக்கு அப்பன் நான்தான். இனி வேற எங்கயும் தேடாண்டாம்."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ரத்த வகையும் உயரமும் பார்த்து எண்ணை எடுத்துக் கொடுத்தது நாகம்மைதான்.

மஞ்சள் வீட்டில் இப்போது பூட்டு தொங்குகிறது. சுவாமி கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டிருப்பதாகவும், அங்கேயும் வெற்றிலையோடு கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டதாகவும் கேள்வி. வரிசையில் நிற்கிற புண்ணியவான்களே, நம்ம ஆளு நம்ம ஆளு என்று ஊர் பேர் தெரியாதவனை வெற்றிலையில் தேடுகிறீர்களே, உங்கள் மடியில் வந்து விழப்போகிற பிள்ளையைவிட நம்ம ஆளு வேறு யார் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?