தங்கள் மகளின் டிரம்ஸுக்கு நான் வாங்கிய பெட்டி

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. மற்றபடி நிலைமை சரியில்லை. போனில் பேசினால் வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் கேட்கும் என்பதால் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படிக்கவும்.

ஊர் ஊராகப் போய் வாசிக்கும் ஓர் இசைக்குழு, தங்கள் மகளை டிரம்ஸ் வாசிக்கச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறது. வரும் புதன்கிழமைக்குள் அவள் வாசிப்பைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பழைய குழு கலைந்த பிறகு அவளுக்கு வந்திருக்கும் ஒரே வாய்ப்பு இது. வெளியே ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகாது. டிரம்ஸும் மைக்குகளும் வீட்டிலேயே இருக்கின்றன, நடுவில் ஒரு ப்ரீஆம்ப் மட்டும் வேண்டும், அதாவது மைக்கில் விழும் சத்தத்தைப் பெரிதாக்கிக் கணினிக்குக் கொடுக்கும் பெட்டி, கையைக் கடிக்காத விலையில் ஒன்று பார்க்கலாம் என்று அவளும் என் மகனும் பேசிக்கொண்டிருந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வேலைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் காது பரிசோதித்தவன் என்ற திமிர் விடவில்லை. "காது விஷயமா? என்கிட்ட விடுங்க" என்று கிளம்பிவிட்டேன்.

கடையில் எங்கள் பணத்துக்கு மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். நான் எதையும் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. எந்தப் பெட்டி தானாக இரைகிறது என்று பார்ப்பதுதானே சோதனை? ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றுமில்லாததைக் கேட்டேன். ஃபேனை நிறுத்தச் சொன்னேன், ஏசியை நிறுத்தச் சொன்னேன், கிடார் வாங்க வந்தவரை வெளியே நிற்கச் சொன்னேன். கடைக்காரர் வேர்த்துப்போய், "சார், டிரம்ஸுக்குத்தானே? அமைதி கெடக்கட்டும், அடி தாங்குமான்னு பாருங்க" என்றார். இவருக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, மூன்றில் வாயே திறக்காத பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

வீட்டில் மைக்குகளை மாட்டினாள். என் மனைவி மிக்சியை நிறுத்தினாள், என் மகன் மூச்சை நிறுத்தினான். ஒரே ஒரு அடி. சிவப்பு விளக்கு எரிந்தது. பெரிய டிரம்மின் 'தும்' கணினியில் துணி கிழிகிற சத்தமாக வந்தது. அது கதை சொல்பவர்களுக்கும் மெல்லப் பாடுபவர்களுக்கும் ஆன பெட்டியாம். சத்தம் கூட்டும் குமிழை அடிமட்டத்துக்கு இறக்கினோம், அப்போதும் கிழிந்தது. மெதுவாக அடித்தாள், குழந்தை தூங்கும் வீட்டில் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. குழுவோ கையின் வலுவைத்தான் கேட்க வேண்டும் என்கிறது. டிரம்முக்குள் என் தலையணையைத் திணித்தோம், மெத்தையைத் தட்டுவதுபோல் ஆனது. மைக்குகளைத் தள்ளித் தள்ளிச் சமையலறை வாசல்வரை கொண்டுபோனோம், டிரம்ஸோடு குழாய்த் தண்ணீரும் பதிவானது. திறந்த பெட்டியைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம். "ஊர்ல இருக்கறவங்க காதையெல்லாம் பாத்தீங்க, ஒருத்தர் சொன்னதக் காதுல வாங்கத் தெரியல" என்கிறாள் என் மனைவி. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தங்கள் மகள் "பரவால்ல மாமா, நீங்க ஆசையாத்தான வாங்கினீங்க" என்று சொல்லிவிட்டு, வாசிக்காமல் உட்கார்ந்து டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் "மாமா, தூங்கலையே? அடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவாள். இப்போது கேட்பதில்லை.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் அவள் வைத்திருந்த பழைய ப்ரீஆம்ப் தங்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கிறதாம். எப்படி அடித்தாலும் தாங்குமாம். "இந்தக் கூத்தெல்லாம் போற இடத்துல வேண்டாம்" என்று தாங்கள் எடுத்து வைத்ததை அவளாகக் கேட்க மாட்டாள். ரோஷக்காரி, யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நான் எழுதத் தேவையில்லை. தாங்கள் கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து அதை உடனே கூரியரில் அனுப்ப வேண்டும். பெண் முன்னேறுவதற்குப் பெரியவர்களே குறுக்கே நிற்கலாமா? யோசித்துப் பாருங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். இரு வீட்டிலும் மனக்குறை இல்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: பெட்டியை அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூரியர் கடை திறக்காததால் இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் என் மனைவி தூசி தட்டும்போது, நான் வாங்கிய ப்ரீஆம்பின் பின்பக்கம் ஒரு பொத்தானைப் பார்த்து "இது எதுக்கு?" என்றாள். பலத்த சத்தத்தைக் குறைத்து வாங்கிக்கொள்வதற்காம். அழுத்தினோம். வீடு அதிர வாசித்தாள், ஒரு கிழிசல் இல்லை, அன்றைக்கே அனுப்பியும்விட்டாள். இன்று காலை, சேர்த்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் கிளம்பினால் ஒரு வருஷம் ஊர் ஊராகச் சுற்ற வேண்டுமாம். என் மகனும் "போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டான். பதிவு நன்றாக வந்தால் அவள் போய்விடுவாள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே, குறுக்கே நிற்பது பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். தங்கள் பழைய கோபத்தில் கொஞ்சமாவது மிச்சமிருந்தால், போன் செய்து "இவ்வளவு தூரம் எதுக்கும்மா?" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானே சொல்லிவிடலாம் என்றுதான் அவள் அறைக்குப் போனேன். டிரம்ஸை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "இந்தக் கயித்தக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க மாமா" என்றாள். பிடித்தேன்.