கம்ப்யூட்டருக்கு நாள் பார்த்த கதை

"அண்ணாச்சி, இவ சீவலப்பேரி வயக்காட்டுக் கூலிக்காரன் மவ. இவளுக்குச் சுவிச்சு போடத் தெரியுமா?"

கடைக்கு வரப்போகும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை என் முன்னாலேயே முதலாளியிடம் கேட்டது இது. கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். ஏனென்றால் எனக்குச் சுவிட்ச் போடத் தெரியாது.

(சிரிக்காதீர்கள்.) பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படித்தவள்தான், வகுப்பில் முதல் மார்க்கும் நான்தான். ஆனால் ஒரு பெட்டிக்கு நாலு பேர். பையன்கள் முன்னால் உட்கார்ந்து தட்டுவார்கள்; பின்னால் நின்று புத்தகத்தை வாசித்துக் காட்டுவது எங்கள் வேலை. வீட்டிலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவள் என்ற திமிர், அதை யாரிடமும் சொல்ல விடவில்லை.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. "ஆரம்பிச்சிரலாமாம்மா?" என்றார் முதலாளி அண்ணாச்சி. சுவரில் நாள்காட்டி தொங்கியது.

"இன்னைக்கு அஷ்டமி அண்ணாச்சி."

பதறிப்போய்த் துணியால் மூடினார்.

மறுநாள் நவமி. அப்புறம் கரிநாள், அண்ணாச்சிக்குச் சந்திராஷ்டமம். ஆடி பிறந்தபோது எனக்குத் தீபாவளி; மாதம் முழுக்கத் தப்பித்தேன். தினமும் அதற்குத் தூசி தட்டி, ஊதுபத்தி காட்டிச் சம்பளம் வாங்கினேன். 'சுவிச்சு போடத் தெரியுமா?' என்று கணக்கப்பிள்ளை ஒரு தடவைதான் கேட்டார்; மற்ற நாளெல்லாம் டவுன் பஸ்ஸில் நானே என்னைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஆவணியில் அண்ணாச்சியே முகூர்த்தம் குறித்துவிட்டார். வாழைமரம், அய்யர், பக்கத்துக் கடைக்காரர்கள். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு. அப்பா சலவை வேட்டியில் வந்து வாசலோரம் நின்றார்.

கற்பூரம் காட்டியதும் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் பொத்தானை அமுக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி வந்து நின்றன. முதல் வேலையாக அது என்னிடம் கேட்டது, தேதி! (அதற்கும் நாள் பார்க்க வேண்டியிருந்தது போல.) அடித்தேன். ஏற்றுக்கொண்டது. எனக்குத் தெரிந்திருக்கிறது! கூவ வாயைத் திறந்தேன்.

அதற்குள் அய்யர் மாவிலையால் தீர்த்தம் தெளித்தார். தாராளமாக. பெட்டியின் முதுகில்.

'டப்.'

கண் திறந்தவர்கள் பார்த்தது புகையைத்தான்.

"தண்ணி பட்டு..." என்றேன். தீர்த்தத்தைக் குறை சொல்ல அங்கே யாருக்கு நாக்கு வரும்?

"நான் அன்னைக்கே சொன்னேம்லா," என்றார் கணக்கப்பிள்ளை.

அண்ணாச்சி பைய, "நாளையில இருந்து சேலை மடிக்கப் போம்மா," என்றார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

முதல் நாளே, அந்த அஷ்டமியிலேயே அமுக்கித் தொலைத்திருக்கலாம். திரையில் தேதி வந்ததை இன்றுவரை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

இப்போதும் நான் எதையாவது தள்ளிப்போட்டால், "ஏளா, இன்னைக்குக் கரிநாளோ?" என்பார் அப்பா. வீடே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது.

போன அஷ்டமியன்று, ராகு காலமாகவே பார்த்து, பெண்களுக்கென்று கம்ப்யூட்டர் வகுப்பு திறந்துவிட்டேன். இருப்பது ஒரே பெட்டி. ஒரு நேரத்துக்கு ஒருத்தி; அவள் முன்னால் உட்காருவாள், நான் பின்னால் நிற்பேன். செருப்போடு வரலாம். தீர்த்தத்துக்கு மட்டும் அனுமதியில்லை.