எட்டு மாஸ்டர் ஏறாத மலை

பக்கத்து சீட்டில் தூங்கியே பேர் வாங்கிய மனிதர் திண்டுக்கல்லில், ஏன் உலகத்திலேயே, எங்கள் எட்டு மாஸ்டர் ஒருவர்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். மைதானத்தில் எட்டுப் போட வைத்தே பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்ததால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் அந்த எட்டையெல்லாம் அவர் ஒரு தேர்வாகவே மதிக்க மாட்டார். அவர் கணக்கு வேறு. பழக்குகிற காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அதிலிருந்து காலை எடுத்துவிட்டு அவர் எப்போது தூங்கிப்போகிறாரோ அப்போது மாணவர் தேறிவிட்டார். எனக்கும் அவர்தான் கார் பழக்கினார். செம்பட்டி ரோட்டில் ஒருநாள் பக்கத்திலிருந்து குறட்டை கேட்டது. பதறிப்போய் எழுப்பினேன். "ஏன் சார் எழுப்புறீங்க? பாஸாயிட்டீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டார்.

இப்படிப்பட்டவர் தலை நரைத்த பிறகு பியானோ கற்றுக்கொள்ள எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மனைவி ஸ்டெல்லா முன்னறையில் பியானோ வகுப்பு எடுக்கிறாள். மாஸ்டரின் ஒரே மகள் ஜெனிபர், செல்போனில் ஏதோ ஒரு கல்யாண வீடியோவைக் காட்டியிருக்கிறாள். அதில் பெண்ணின் அப்பாவே சர்ச்சில் பியானோ வாசிக்கிறார். "என் கல்யாணத்துக்கு நீங்களும் இதையே வாசிங்கப்பா" என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள். மகள் சொன்னால் அவருக்கு அது அரசாங்க உத்தரவு.

அந்த வீடியோவில் இருந்தது ஒரு ஜெர்மன்காரர் எழுதிய பெரிய சொனாட்டா, பக்கம் பக்கமாக நீளும் பியானோ இசை. வருடக்கணக்காகப் படித்தவர்களே பயந்து பயந்து தொடுவது. மாஸ்டர் குனிந்து பியானோவின் மூன்று பெடல்களையும் பார்த்தார்.

"கிளச்சு, பிரேக்கு, ஆக்சிலேட்டரு. நமக்குத் தெரிஞ்சதுதான் டீச்சர்."

"மாஸ்டர், நீங்க கேக்குறது கொண்டை ஊசி வளைவா இருக்குற சிறுமலைப் பாதை. நீங்க இன்னும் சாவியே போடல" என்றாள் ஸ்டெல்லா.

"அப்ப எப்ப மலை ஏறலாம்?"

கை வலிக்காமல் வாசிக்க வேண்டும், வேகத்தைக் குறைத்தாலும் தாளம் குலையக் கூடாது, நடுவில் தப்பு விழுந்தால் நிற்காமல் போகத் தெரிய வேண்டும் என்று ஸ்டெல்லா பொறுமையாக விளக்கினாள். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அம்புட்டு எதுக்கு டீச்சர்? நான் வாசிக்கையில நீங்க தூங்கிட்டீங்கன்னா நான் ரெடி."

அன்றைக்குப் பிடித்தது ஸ்டெல்லாவுக்கு வினை. வாசித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பார். "தூக்கம் வருதா டீச்சர்?" அவர் அடிக்கிற அடியில் தெரு நாய்களுக்கே தூக்கம் வராது. வகுப்பை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிப் பார்த்தார். வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுவந்து கொடுத்தும் பார்த்தார். கை தாவ வேண்டிய இடம் வந்தால் வலது கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டிவிட்டுத்தான் தாவுவார். தப்பு விழுந்தால் நிற்காமல் போகச் சொன்னால், "இடிச்சுட்டு நிக்காமப் போனா கேஸு டீச்சர்" என்று நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வருவார்.

ஆனாலும் விடவில்லை. சின்னச் சின்னப் பாடங்கள் நன்றாகவே வந்தன. சொனாட்டா மட்டும் மூன்றாவது பக்கத்தில் கவிழும். அதற்குள் ஜெனிபருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கனடாவில் வேலை.

"பேசாம முதல் புத்தகத்துல இருக்குற தாலாட்டை வாசிங்க மாஸ்டர்" என்றாள் ஸ்டெல்லா.

"பிள்ள ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கா டீச்சர்" என்றார். அவள் சொனாட்டாவின் மூன்றாவது பக்கத்தையே மறுபடி விரித்து வைத்தாள்.

கல்யாணத்தன்று சர்ச் நிறையக் கூட்டம். தாளைத் திருப்ப ஸ்டெல்லா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் சொனாட்டாவைத்தான் விரித்தார். வாசலில் வெள்ளைப் பட்டில் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டுத் தாலாட்டை வாசித்தார். மெதுவாக, எங்கும் இடிக்காமல், சிக்னல்கூடக் காட்டாமல் வாசித்தார். ஜெனிபர் பாதி தூரம் நடப்பதற்குள் அழுதுவிட்டாள். ஸ்டெல்லா கண்ணை மூடியிருந்தாள்.

பந்தியில் அவரைப் பிடித்தேன். "ஏன் மாஸ்டர் கடைசி நேரத்துல மாத்திட்டீங்க?"

"வண்டில பிள்ள இருக்குல்ல சார். பிள்ளய ஏத்திக்கிட்டு மலைல பழகலாமா?" என்றவர், சட்டென்று முகம் மலர்ந்து, "அத விடுங்க. டீச்சர் தூங்குனதப் பாத்தீங்கள்ல?" என்றார்.

ஜெபம் செய்துகொண்டிருந்ததாக ஸ்டெல்லா இன்றுவரை என்னிடம் சாதிக்கிறாள். அவரிடம் மட்டும் அதைச் சொன்னதே இல்லை.

ஜெனிபர் கனடா போய்விட்டாள். மாஸ்டர் இப்போதும் வாராவாரம் வருகிறார், அதே சொனாட்டாவோடு. "இப்ப வண்டி காலிதானே சார், தாராளமாப் பழகலாம்" என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். அவர் மூன்றாவது பக்கத்துக்கு வரும்போதெல்லாம், உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நான், இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.