பச்சைத் தலையும் பக்கத்து நாற்காலியும்

இருபத்தாறு வயதில் தலை நரைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை ஊருக்குத் தெரியாமல் மறைத்துவிடலாம் என்று நம்பினேன் பாருங்கள், அதற்குத்தான் இன்றுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் மஞ்சக்குட்டைக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். பெண்ணின் அப்பா போன வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து காப்பித் தோட்டம், மாடு, நான் என்ற வரிசையில் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அன்று குளிருக்கு மப்ளர் சுற்றியிருந்ததால் நரை தப்பியது. பெண் வீட்டுக்குள் மப்ளரோடு உட்காரமுடியாது. நரை தெரிந்தால் வயதைக் குறைத்துச் சொன்னதாக நினைப்பார்கள், சம்பந்தம் போச்சு. நானோ அந்தப் பெண்ணின் போட்டோவைப் போனில் சார்ஜ் தீரத் தீரப் பார்த்திருந்தேன்.

ஒண்டிக்கடை முக்கில் சலூன் இருக்கிறது. ஏசிகூட உண்டு (ஏற்காட்டில் ஏசி எதற்கு என்று கேட்காதீர்கள்). ஆனால் அங்கே வெட்டிய முடிதான் கீழே விழும். சேதி பஸ் ஏறிச் சேலம் போய்விடும். ஆகவே வீட்டிலேயே சாயம் பூசுவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். மாத்திரை அட்டை முதல் உர மூட்டை வரை படித்துச் சொல்வது என் வேலை. அந்தத் திமிரோடு சாயப் பெட்டியைச் சத்தமாக வாசித்தேன்: "உலோகப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது."

"அப்ப அந்த பிளாஸ்டிக் மக்குல கலக்கு சாமி," என்றாள் அம்மா.

காப்பிச் செடிக்கு இலைநோய் வராமலிருக்க நாங்கள் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கரைத்து அடிப்போம். அதைக் கரைக்கும் மக் அது. உள்ளே நீலமாய் ஒட்டியிருந்ததை மக்கின் நிறம் என்று நினைத்துக்கொண்டேன். (நான் பி.எஸ்சி. வேதியியல். முதல் வகுப்பு.)

பூசிய கொஞ்ச நேரத்தில் தலை சுட்டது. "சாயம் புடிக்குதும்மா," என்றேன் பெருமையாக. கழுவிப் பார்த்தால் கருப்பு முடி கருப்பாகவே இருந்தது. நரைத்த முடி மட்டும் பச்சை. அதுவரை ஒளிந்திருந்த நரைகூட எழுந்து நின்று கை தூக்கியது.

அப்பா என்னை ஒருமுறை சுற்றிவந்தார். "செடிக்கு அடிச்சப்பக்கூட இத்தன சீராப் புடிக்கலடா."

மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஜீப் பிடித்து, எந்தச் சலூனுக்குப் பயந்தேனோ அதே சலூனில் போய் விழுந்தேன். சலூன்காரர் மப்ளரை அவிழ்த்தார்.

"ஏனுங்க தம்பி, தலையில என்னங்க வெள்ளாமை?" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் சிரித்தார். கழுத்துவரை துணி, தலையிலும் மீசையிலும் கரிய களிம்பு. அது கலைந்துவிடாமல் உதட்டை அசைக்காமல் சிரித்தார். கண்ணாடியில் நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. பெண்ணின் அப்பா.

இருவருக்குமே எழுந்து ஓட ஆசை. ஆனால் என் கழுத்திலும் அதற்குள் துணி கட்டியாகிவிட்டது.

அவர்தான் முதலில் பேசினார். "நாளைக்கு எங்கூட்டுக்கு வர்றீங்கல்ல மாப்ள?"

"வர்றனுங்க."

"நான் இங்க வரலீங்க."

"நானும் வரலீங்க மாமா."

"சத்தியமா?"

"வராதவன் எப்பிடீங்க சத்தியம் பண்றது?"

சலூன்காரர் மாமாவுக்குக் கலக்கியதில் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை எடுத்து என் தலையில் அப்பினார்.

மறுநாள் பெண் காப்பித் தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அவள் அப்பாவைப் பார்த்தாள். இரண்டு தலையும் நேற்றுப் போட்ட தார் ரோடு. இருவர் காது நுனியிலும் ஒரே கரி.

"ஏனுங்கப்பா," என்றாள் மெதுவாக, "ரெண்டு பேருக்கும் ஒரே கடைங்களா?"

மாமா காப்பித் தம்ளருக்குள் ஒளிந்தார். சிரிப்பை முதலில் தொடங்கியது அவள் அம்மா. சும்மா இருக்கமாட்டாத என் அப்பா, மக் கதையையும் எடுத்துவிட்டார்.

சம்பந்தம் போகவில்லை. என் மானம்தான் போனது. தலையில் நரை எட்டிப்பார்க்கும்போதெல்லாம் மாமா இன்றும் போன் செய்வார். "நாம வராத கடைக்குப் போலாமுங்களா மாப்ள?"

நான் வாய் திறக்கும் முன்பே சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வரும். "மறக்காம அந்த மக்க எடுத்துட்டுப் போங்க."