ஓசிக் குளிர்

மாப்பிள்ளை ஊர்வலம் இன்னும் விம்கோ நகரையே தாண்டவில்லை. அதற்குள் மண்டபத்தில் பெண்ணின் முகத்தில் பவுடர் வழிய ஆரம்பித்துவிட்டது.

"இன்னா மேனேஜரே, ஏசி மண்டபம்னு சொல்லித்தான வாடகை வாங்குனீங்கோ? எம் பொண்ணு மூஞ்சிய பாரு!" என்று கத்தினார் பெண்ணின் அப்பா ஜெயவேல்.

"மாப்ள வந்ததும் போட்டுர்றேன், நைனா," என்றார் ராசையா.

ராசையா அந்தத் திருவொற்றியூர் மண்டபத்துக்கு மேனேஜராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலாளி சுப்புராஜை நேரில் பார்த்தது ஒரே தடவை, மற்றதெல்லாம் போனில்தான். போனில் வருவதும் ஒரே பாட்டு: "சென்ட்ரல் ஏசி கரண்டு பில்லு என் சொத்தையே முழுங்குது. இந்த தபா கொறயலன்னா நீ வேற வேல பாத்துக்க." வேறு வேலை கிடைக்கிற வயதை ராசையா தாண்டியாயிற்று. அதனால்தான் மாப்பிள்ளை வரும்வரை ஏசியைப் போடாமல் வைத்திருந்தார்.

மாப்பிள்ளை வந்தார். ஏசியும் வந்தது. அதுவரை வெந்துகிடந்த கூடத்தைக் குளிரவைக்க, மொட்டை மாடி இயந்திரங்கள் மொத்தமும் உறுமின. ராசையா மீட்டரைப் போய்ப் பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

உடனே டிகிரியை இருபத்தெட்டில் வைத்தார். புழுக்கம் தாங்காத சனம் கதவுகளைத் திறந்துவிட்டது. கடல்காற்று வரும் என்று பார்த்தால், லாரிப் புகையும் அனலும்தான் வந்தன. இப்போது ஏசி நெடுஞ்சாலைக்கும் சேர்த்து ஓடியது.

கதவுகளை இழுத்துச் சாத்தி, இருபதுக்கு இறக்கினார். சுகம் கண்ட சனம், சாப்பிட்ட கையோடு பீடாவை மென்றபடி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. பந்தி முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்ற அவர் கணக்கில் மண் விழுந்தது.

அப்போதுதான் முன்வரிசை கண்ணில் பட்டது. குளிர் நேராகத் தலையில் இறங்கும் இடம். ஒரு அம்மாள், பக்கத்தில் மூன்று பெண்கள், ஆளுக்கொரு சால்வை. மொய் எழுதவில்லை, பந்திக்கும் போகவில்லை, மேடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"யாரு நைனா இவங்கோ?"

"மாப்ள வூட்டு ஆளுங்க," என்றார் ஜெயவேல் மரியாதையாக.

மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கேட்டால், "பொண்ணு வூட்டு சொந்தம். கொஞ்சம் கெத்தான பார்ட்டிங்க போல," என்றார்.

ராசையாவுக்குப் பிடிபட்டுவிட்டது. ஓசிச் சோற்றுக்கு வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஓசிக் குளிருக்கு வந்தவர்களை இப்போதுதான் பார்க்கிறார். நல்ல பெயர் வாங்க இதைவிட நேரம் வாய்க்காது என்று முதலாளிக்குப் போன் போட்டார்.

"மொதலாளி, ஏசிக்குன்னே ஒரு கும்பல் வந்து குந்திகினு கீது. சாப்பிடக்கூட இல்ல."

"எவன் வூட்டு காசுல எவன் குளிர் காயறது? வெளிய தள்ளு! நீதான்யா மேனேஜரு!"

வந்த நாள் முதல் கேட்ட முதல் பாராட்டு. ராசையாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. போனைக் கையில் பிடித்தபடியே போய், நால்வரையும் எழுப்பி, சபையே பார்க்க வாசல்வரை நடத்திக்கொண்டு போனார். போனில் சுப்புராஜ் விடாமல் "தள்ளு, தள்ளு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வெக்கமா இல்ல? உங்க வூட்ல ஏசி இல்லியா?"

"கீதுப்பா," என்றார் அந்த அம்மாள். "பில்லு எகிறும்னு ஏசிய போட வுடாம, கல்யாணம் நடக்கற அன்னிக்கெல்லாம் மண்டபத்துல போயி குந்துங்கன்னு எங்கள அனுப்பறதே, இப்ப போன்ல கத்திகினு கீறாரே, எங்க வூட்டுக்காரரு, அவருதான்."